சோதனை ஓட்டத்தில் கலியாணம் சொன்ன மாமாவுக்கு

வெள்ளவத்தை,
1936 ஆவணி, ஞாயிறு.

கொட்டாஞ்சேனை மாமா ஞானப்பிரகாசம் அவர்களுக்கு, மருமகன் பேர்னாட் வணக்கத்துடன் எழுதுவது. தேவ கிருபையால் இங்கு என் உத்தியோகம் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் சுகம். மாமியின் முழங்கால் எப்படி?

கிராண்ட்பாஸ் தடமும் பொரளைத் தடமும் ட்ராம் தொடங்கிய காலம் முதல் தனித்தனி. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகிறவன் புறக்கோட்டையில் இறங்கி, வெயிலில் காய்ந்து, மாறி ஏறவேண்டும். அந்தக் கூத்தை நிறுத்தி ஒரே ட்ராமை நகரத்துக்குக் குறுக்காக விடலாம் என்று கம்பனிக்குப் படம் கீறிக் கொடுத்தவன் நான். சனத்தை ஏற்றி நேற்று நடந்த சோதனை ஓட்டம் சரிவந்தால் எனக்கு வேலை நிரந்தரம், பிழையாய்ப் போனால் வீட்டுக்குப் போகலாம். இதை விளங்கச் சொல்லித்தான் உங்களை ஏற்றினேன்.

நீங்களோ ஆமர் வீதியில் உங்கள் மகள் டோரினின் கலியாணத்துக்குச் சொல்ல இறங்கிவிட்டீர்கள். கலியாணத்தை வாசலில் நின்று சொல்லக்கூடாதாம், உள்ளே போய் இருந்து தேத்தண்ணி குடித்துத்தான் சொல்லவேணுமாம். சரி, அது முறை. அதுவரை ட்ராமை நிறுத்தி வைப்பது எந்த ஊர் முறை? டிரைவர் இராமரிடம், "தம்பி, கொஞ்சம் பொறும். இது என்ர மருமோன்ர ட்ராம்" என்றீர்கள். அந்த மனிசனும் பிறேக்கைப் போட்டுவிட்டு வெற்றிலை மடித்தான். மாட்டு வண்டி என்றால் ஓரமாக நிறுத்தலாம். இது தண்டவாளம், மாமா. பின்னால் வந்த ட்ராம்களெல்லாம் வரிசையாக நின்று மணி அடித்தன. நின்ற வண்டியைக் கண்டவனெல்லாம் ஓடி வந்து ஏறினான். நீங்கள் முதலில் சொல்லப்போன மர்ஸூக் நானாவின் கடைக்குள் உங்களைக் கூப்பிட வந்தால், "அவசரப்படாதீங்க மகன், நீங்களும் ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போங்க" என்று அவர் எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி வைக்கிறார். பிறகு தில்லைநாதன் கடை, பிறகு இன்னொன்று. கடைசியில், ஓட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முன் ஆசனத்தில் இருந்த கம்பனி எஞ்சினியர் துரையிடமே போய், "துரையும் நோனாவும் கட்டாயம் வரவேணும்" என்று பெண்சாதியோடு வரச் சொல்லிக் கும்பிட்டீர்களே, அந்த நெரிசலில் எனக்கு ஒளியக்கூட இடமில்லை. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பொரளையில் இறங்கிப் போனார். என் வேலையும் அவரோடு இறங்கிப் போயிற்று.

ஆகையால் கலியாணத்துக்கு என்னை எதிர்பார்க்கவேண்டாம். டோரினுக்கு வாழ்த்து, மாமிக்கு அன்பு, உங்களுக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
பேர்னாட்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் துரை காரில் வந்துவிட்டார். நேற்று ஏறின சனம் அநேகமாக ஒருவரும் புறக்கோட்டையில் இறங்காமல் பொரளை வரை வந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குறுக்குத் தடம் சரி, என் வேலையும் சரி. கலியாணத்துக்கு என்ன உடுத்துவது என்று நோனா கேட்டாவாம். வரும் சனிக்கிழமை இன்னொரு சோதனை ஓட்டம், அதற்கும் வண்டி நிறையச் சனம் வேணுமாம். மாமா, பொரளைப் பக்கத்துச் சொந்தக்காரருக்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லைத்தானே?