தொட்டிலுக்கு இடம் விட்ட ரேடியோ

பேசுகிற கருவி வைத்திருப்பவனுக்குப் பேசத் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கன்னடச் சீமையில், கண்டோன்மென்ட்டை ஒட்டிய மர்பி டவுனில் உட்கார்ந்துகொண்டு மதராஸ், கொழும்பு என்று முகம் தெரியாத ஆட்களோடு மணிக்கணக்கில் ரேடியோவில் பேசுவேன். (லைசென்சோடுதான். திருட்டுத்தனம் இல்லை.) தலையைத் திருப்பினால் கட்டின மனைவி. அவளிடம் மட்டும் "சாப்பாடு ஆச்சா"வுக்கு மேல் வாய் வராது.

எங்கள் குடித்தனம் ஒரே அறை. சமையலுக்கு ஒரு தட்டி மறைப்பு. அந்த அறையில் பீரோ உயரத்துக்கு என் ரேடியோ செட்டு நின்றது. கண்டோன்மென்ட்டில் ஏலம் போட்ட பழைய பட்டாளத்துச் சாமான்களைச் சேர்த்து நானே கட்டியது. அதன் சூட்டில் ஈரத் துணி நன்றாகக் காயும். என் மனைவி சரசுவுக்கு அதனால் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

அவள் உண்டாகியிருந்த சமயம், ஒருநாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, தொட்டில் எங்க கட்டுறது?"

"பாத்துக்கலாம்."

"இன்னாத்த பாக்குறது? நான் வேலூருக்குப் போய்ப் புள்ள பெத்துக்கிட்டு வர்றதுக்குள்ள எடம் ஆவணும். ஆவலன்னா நான் எங்கம்மா வூட்லயே இருந்துக்கிறேன். நீங்க இதோட குடும்பம் நடத்துங்க."

சரசு சும்மா மிரட்டுகிறவள் இல்லை. செட்டை விடவும் மனசு வரவில்லை, அவளை விடவும் முடியாது. ஆகவே செட்டைச் சின்னதாக்குவது என்று முடிவு செய்தேன்.

அதில்தான் சங்கடம். பெரிய செட்டு ஒன்றும் கொழுப்பெடுத்துப் பெரிதாக இருப்பதில்லை. உள்ளே பல்பு மாதிரி எரியும் வால்வுகள் கொதிக்கும், காற்றோட்டம் வேண்டும். பாகங்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க நடுவில் தகரத் தடுப்பு வேண்டும். அலை கண்ட இடத்தில் கசியாமலிருக்க அதற்கென்று சில கம்பிச் சுருள்கள் வேண்டும். நான் என்ன செய்தேன்? ஒரே வால்வைக் கேட்கவும் பேசவும் வேலை வாங்கினேன். தடுப்புகளைப் பிடுங்கினேன். சுருள்களையும் "இது எதுக்கு" என்று தூக்கி எறிந்தேன். (எதற்கு என்று பிற்பாடு தெருவே சொன்னது.) கரண்டு கொடுக்கும் கனத்த பாகம் எதிலும் அடங்காததால் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மிச்சமெல்லாம் ஒரு ரொட்டி டப்பாவுக்குள் அடங்கிவிட்டது. மூடியை மட்டும் மூட முடியவில்லை, மூடினால் புகைந்தது.

வளைகாப்பு அன்று காலையில்தான் வேலை முடிந்தது. சரசு காலியான மூலையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

"இது பேசுமா? பேசலன்னா நான் ரயில் ஏறுன மறுநாளே பழையபடி பெரிசா கட்டிடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

சாயங்காலம் அவளுக்கு ரயில். அதற்குள் டப்பா பேசியாக வேண்டும். வாசலில் பந்தல், பெண்கள் கூட்டம், மைக் செட்டுக்காரர் வைத்த புனல் ஸ்பீக்கரில் பாட்டு. அவருடைய ஒயர் என் ஏரியல் கம்பியை ஒட்டியே ஓடியது. அதை நான் கவனிக்கவில்லை. கதவைச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டி, மதராஸ் நண்பர் ராகவனைக் கூப்பிட்டேன். "கணீர்னு கேக்குது சார்" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே இசைத்தட்டு முடிந்திருக்கிறது. டப்பாவிலிருந்து கசிந்த அலை அந்த ஒயரில் ஏறவே, ஸ்பீக்கரில் நான் ஆரம்பித்திருக்கிறேன். நண்பர் பேசியது என் காதுக்கு மட்டும். நான் பேசியது மர்பி டவுனுக்கே.

"மாமனார் வந்திருக்காரு சார். வந்ததுலேர்ந்து மூணு தட்டு பலகாரம் ஆச்சு. ஓவர்."

நண்பர் சிரித்துவிட்டு, "சம்சாரம் ஊருக்குப் போறாங்களே, வருத்தமா இல்லையா?" என்று கேட்டார்.

"வருத்தமா? பயமா இருக்கு சார். பிரசவம்னா சும்மாவா? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? அவ வைக்கிற ரசத்துல உப்பே இருக்காது. அந்த ரசம் இல்லாம எப்படி நாள ஓட்டுவேன்னே தெரியல. அவ நல்லபடியா திரும்பி வந்தா போதும் சார், இந்த செட்டையே தூக்கிப் போட்டுருவேன். நேர்ல சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது. ஓவர்."

கதவைத் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. மாமனார் கையில் தட்டோடு உள்ளே வந்தார். "பேசிக்கிட்டிருக்கேன், இருங்க" என்று கை காட்டினேன். அவர் என் ஒரு காதிலிருந்து ஹெட்போனைத் தூக்கினார்.

"மாப்ளே, மூணு இல்ல. இது ரெண்டாவதுதான். தெருவுக்கே தப்பா சொல்லாதீங்க."

வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா, "நிம் யஜமான்ரு ரேடியோல்லி பந்த்ரு!" என்று, அதாவது உன் வீட்டுக்காரர் ரேடியோவில் வந்துவிட்டார் என்று, சரசுவைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். மைக் செட்டுக்காரர், "நான் ஒண்ணும் பண்ணலண்ணா" என்று கும்பிட்டார். மணையில் உட்கார்ந்திருந்த சரசு, கன்னத்துச் சந்தனமெல்லாம் கரைய அழுதுகொண்டிருந்தாள். தொலைந்தேன் என்றே நினைத்தேன்.

"உப்பு இருக்காதா?" என்றாள்.

நான் தலையைச் சொறிந்தேன்.

"இவ்ளோ நாளா ஏன் சொல்லல?"

"எத?"

"ரெண்டையுந்தான்."

மகளோடு அவள் திரும்பி வந்தபோது அந்த மூலையில் தொட்டில் கட்டியிருந்தேன். செட்டைத் தூக்கிப் போட அவள் விடவில்லை. தடுப்புகளையும் சுருள்களையும் ஒழுங்காகத் திரும்ப வைத்ததில் அது டிரங்குப் பெட்டி அளவுக்கு வளர்ந்து, கட்டிலுக்கடியில் குடியேறியது.

மகளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. ஒவ்வொரு கல்யாண நாளன்றும் அவளும் அவள் பிள்ளைகளும் ஒரு கரண்டியை மைக் மாதிரி என் வாய்க்கு முன்னால் நீட்டுவார்கள். நானும் வெட்கத்தை விட்டு, சரசு இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது என்று அதில் சொல்வேன். சரசு அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"சத்தம் பத்தல. பக்கத்து வூட்டுக்குக் கேக்கல" என்பாள்.

நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.