பதிமூன்றாவது அத்தியாயம் எங்கே?

பதிமூன்றாவது அத்தியாயத்தைத் தீர்த்துக்கட்டிவிடுவது என்று சேக் பரீது முடிவு செய்தார். கொடைக்கானல் பஜாரில் முப்பது வருஷமாகத் தைலக் கடை வைத்திருப்பவர். கலப்படத் தைலத்தை மூடி திறக்காமலே கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரு அத்தியாயத்தை ஒழிப்பது என்ன பெரிய காரியம்?

விஷயம் இதுதான். அவர் மனைவி சர்புன்னிசா தினமும் சாயங்காலம் அவரையும் உட்காரவைத்துக்கொண்டு செல்போனில் ஒரு ஒலிப்புத்தகம் கேட்கிறாள். யாரோ ஓய்வுபெற்ற நர்ஸம்மா தன் வாழ்க்கைக் கதையை எழுதி, தானே வாசித்திருக்கிறார். சளி பிடித்த குரல். நடுநடுவே இருமல் வேறு. ஆனாலும் சர்புன்னிசா சிரிக்கிறாள். "பாவி மனுஷி, என்னா பேச்சுப் பேசுறா!" என்கிறாள்.

அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது. மகள் அர்ஃபா காய்ச்சலில் போனதோடு சரி. பத்தொன்பது வயசு. அம்மா போனிலும் அத்தா போனிலும் ஒரே பெயரில் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தவள் அவள்தான். அடக்கத்தன்று கூட பரீது அழவில்லை. சந்துக்குள் மாட்டிக்கொண்ட வண்டிகளுக்கு "வரட்டும், வரட்டும்" சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மகள் பெயரையும் அவர் சொன்னதில்லை. சொன்னால் சர்புன்னிசா உடைந்துபோவாள், தன்னால் தாங்க முடியாது என்று பயம்.

ஆகவே கடையில் காதில் வயரை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அத்தியாயத்தையும் முன்கூட்டியே கேட்டுத் தணிக்கை செய்தார். அஞ்சாவதில் நர்ஸம்மாவின் மாமியார் இறந்தார். அனுமதித்தார். ஒன்பதாவதில் ஒரு நாய் செத்தது. கொஞ்சம் யோசித்து அதையும் விட்டார். பதிமூன்றாவதில் நர்ஸம்மாவின் மகள் போனாள்.

பரீது கல்லாவில் உட்கார்ந்து தேம்பினார். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் பதறிப்போய் என்னவென்று கேட்டார். "தைலம் கண்ணுல பட்டுருச்சு சார்." அவ்வளவு வீரியமா என்று அவர் ரெண்டு பாட்டில் கூடுதலாக வாங்கிப் போனார். மறுநாளும் பரீது அதையே கேட்டார். அதற்கடுத்த ரெண்டு நாளும்.

இன்றைக்கு மலைப் பாதையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. ஊருக்கு ஆளே வராதபோது கடை எதற்கு? பகலெல்லாம் வீட்டிலேயே கிடந்தார். சாயங்காலம் சர்புன்னிசா டீ போட உள்ளே போன நேரம் பார்த்து, அவள் போனை எடுத்துப் பதினாலுக்குத் தள்ளிவிட்டார். அவள் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள்.

"நேத்துப் பன்னெண்டு முடிஞ்சுச்சு. பதிமூணு எங்கங்க?"

"அது கெடையாது."

"கெடையாதுன்னா?"

"ராசியில்லாத நம்பர் புள்ள. நம்மூரு லாட்ஜுல பதிமூணாம் நம்பர் ரூமு பாத்திருக்கியா? பன்னெண்டு விட்டா பதினாலு. புஸ்தகமும் அப்படித்தான்."

"லாட்ஜுல பன்னெண்டு ஏ-ன்னு ஒண்ணு இருக்குமே?"

"அதெல்லாம் பெரிய லாட்ஜுல."

சர்புன்னிசா டீயைக் கீழே வைத்தாள். "இல்லாத அத்தியாயத்த எப்படிங்க நாலு நாளா கேக்குறீங்க?"

பரீது டீயை எடுத்து ஊத ஆரம்பித்தார்.

"ரெண்டு போனும் ஒரே பேருல ஓடுது. நீங்க கடையில எங்க நிப்பாட்டுறீங்களோ அங்கதான் இதுலயும் நிக்கும். நாலு நாளா பதிமூணுலயே நிக்குது. நாந்தான் தெனமும் பின்னால தள்ளித் தள்ளிப் போட்டேன்."

"நீ அழுதுருவேன்னுதான் புள்ள..."

"நான் அழுது முடிச்சாச்சு. போன நோம்புலயே இத முழுசாக் கேட்டுட்டேன்."

"பெறகு எதுக்கு மறுபடி மொதல்லேருந்து?"

"உங்களுக்காகத்தான். கேளுங்கன்னு சொன்னா, சோலி கெடக்குன்னு எந்திரிச்சுப் போயிருவீங்க. நான் கேட்டா, எனக்கு முன்னாடி ஓடிப் போயிப் பாப்பீங்க. அர்ஃபா பள்ளிக்கொடம் போறப்ப, வழியில நாய் நிக்குதான்னு முன்னாடி ஓடிப் பாத்த ஆளுதான நீங்க."

அந்தப் பெயர் வீட்டுக்குள் விழுந்தது. பரீது பயந்தபடி அவள் உடையவில்லை.

சர்புன்னிசா பதிமூன்றாவதை ஓடவிட்டாள். மகள் போன மறுவாரம், திங்கட்கிழமை காலையில், பழக்கதோஷத்தில் ரெண்டு டிபன் டப்பா கட்டிவிட்டேன் என்றார் நர்ஸம்மா. அந்த இடத்தில் அவருக்கு இருமல் வரவில்லை.

"அர்ஃபா..." என்றார் பரீது. ஒரு வருஷத்து அழுகையைச் சேர்த்து அழுதார். அவளும் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். டீ ஆறிப்போனது.

வெகுநேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குடும்பத் தலைவராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணுல... தைலம் பட்டுருச்சு புள்ள."

சர்புன்னிசா துண்டை நீட்டினாள்.

"இன்னிக்குக் கடையே தொறக்கலைங்க."