மூன்று லைனிங் போட்ட ஷீசுரூ

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. ஆனால் கண்ணாடி போன்ற துணியில் இம்மியும் தெரியாமல் தைத்துக் காட்டிய பெருமை ஒசாகாவின் மினாஸே ஆடை நிறுவனத்துக்கே உரியது.

அந்த வருடம் ஊரெங்கும் 'ஷீசுரூ' மயம்; ஆங்கிலத்து 'ஸீ-த்ரூ' ஜப்பானிய நாக்கில் அப்படி ஆகிவிட்டது. சட்டைக் கை ஷீசுரூ, நகப்பூச்சு ஷீசுரூ, நெற்றியில் விழும் முடிகூட ஷீசுரூ. ஊடே பார்த்தால் ஏதாவது தெரிய வேண்டும், அவ்வளவுதான் நாகரிகம். ஒப்பந்த வேலையில் இருந்த மியோரி, பனிமூட்டம் மாதிரி ஒரு மேல்சட்டை தைத்து வந்தாள். அது விற்றால் வேலை நிரந்தரம். விற்காவிட்டால் மார்ச்சோடு வீட்டுக்கு.

'ஆய்வுக் கூட்டம்' கூடியது. அந்த உயர்ந்த சபையில் 'வேண்டாம்' என்ற அநாகரிகச் சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. அதற்குப் பதில் பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று காற்றை இழுப்பார்கள்.

பிரிவுத் தலைவர் குஸுமி இழுத்தார். "பிரமாதம்மா. ஆனா தோள் தெரியுதே?"

"ஷீசுரூன்னா தெரியும் சார்."

"தெரியட்டும், தாராளமா தெரியட்டும். தெரியாத மாதிரி தெரியட்டும். உள்ள ஒரு லைனிங் குடுத்துடுங்க."

விற்பனைப் பிரிவின் ஹதனாகா இழுத்தார். "ரயில்ல வெளிச்சம் பட்டா என்ன ஆகும்? யாராவது புகார் குடுத்துட்டா? இன்னொரு லைனிங் இருக்கட்டும், ஒரு பாதுகாப்புக்கு."

தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் வெகுநேரம் இழுத்தார். சபையே நடுங்கி, மூன்றாவது லைனிங்கை ஏகமனதாக நிறைவேற்றியது. எல்லோரும் ஒப்புதல் தாளில் முத்திரை குத்தினார்கள். பொறுப்பு சமமாகப் பங்கிடப்பட்டதால் ஒருவர் கையிலும் ஒட்டவில்லை. மியோரி மூன்று லைனிங்கையும் குறித்துக்கொண்டாள். நன்றி சொல்லிக் குனிந்தாள்.

'வசந்தத்தின் ஷீசுரூ' கடைக்கு வந்தது. வாங்கிப் போனவர்கள் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, மழைக்கோட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஷீசுரூ எங்கே என்று கேட்டார்கள்.

கடையின் கொள்முதல் தலைவி தட்சுமி அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்க, லைனிங் கேட்ட அந்த மூவரும் இனிப்புப் பெட்டியோடு போனார்கள். மியோரியையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மூவரும் இடுப்பு ஒடியக் குனிந்தார்கள்.

"எல்லாம் இவங்க கவனக்குறைவுங்க," என்றார் குஸுமி, குனிந்தபடியே. "மார்ச்சோட அனுப்பிடறோம்."

"நீதானாம்மா இப்படித் தைச்சது?" என்று கேட்டார் அம்மையார்.

மியோரி முன்னால் வந்தாள். மேஜைமேல் திரும்பி வந்த சட்டைகளோடு கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, ஒரு சட்டையை அங்கேயே பிரித்தாள். ஒவ்வொரு லைனிங்கையும் உருவி இனிப்புப் பெட்டிமேல் போட்டாள்.

"இது தலைமை அலுவலகம். இது ஹதனாகா சார். இது குஸுமி சார்." மிஞ்சிய துணியைத் தூக்கிப் பிடித்தாள். "இது மட்டுந்தாங்க நான் தைச்சது."

அம்மையார் அதன் ஊடே பார்த்தார். அந்தப் பக்கம் மூவரும் இன்னும் நிமிரவில்லை. காதோரத்திலிருந்து இழுத்து வாரி வழுக்கையை மூடியிருந்த முடி சரிந்து, குஸுமியின் மண்டை பளிச்சென்று தெரிந்தது.

"இந்தத் துணியை மட்டும் அனுப்புங்க, இந்தப் பொண்ணு கையாலயே," என்றார் அம்மையார். "மத்த மூணும் வேண்டாம்."

மினாஸே நிறுவனம் அந்தச் சொல்லைக் காதால் கேட்டது அன்றுதான். மூவரும் குனிந்தபடியே, பல்லிடுக்கில் காற்றை இழுத்தார்கள்.