நாற்பதைத் தாண்டினால் ஊளை

"முப்பத்தெட்டு... நாற்பது... இப்ப கேளும்!" என்றார் சிவபாலன்.

அருந்ததி காதைத் தீட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பின்சீட்டுக்கு அடியில் பசித்த நாய்க்குட்டி ஒன்று முனகுவதுபோல ஒரு சத்தம் கிளம்பி, மரீன் டிரைவ் கடற்காற்றையும் மீறிக் காருக்குள் நிறைந்தது.

"போன கிழமைதானே பின் கியரெல்லாம் புதுசாப் போட்டனீங்கள்?"

"ஓம்."

"போட முதல் இந்தச் சத்தம் இருந்ததோ?"

"இல்லை. அப்ப வேற சத்தம்."

"ஆகச் சத்தத்தையும் சேர்த்துப் புதுசா மாத்தித் தந்திருக்கிறார் உங்கட கராஜ் ஸாலிஹ் பாஸ்."

சிவபாலன் டேஷ்போர்டைத் தடவிக் கொடுத்தார். அது பதினாறு ஸ்ரீ என்ற அந்தக் காலத்து இலக்கத் தகடு போட்ட கார். கலியாணத்துக்கு முதலே வாங்கியது. அவருடைய அலுவலகத்தில் மற்றவர்கள் கார் வாங்கினார்கள், விற்றார்கள், மறுபடி வாங்கினார்கள். அவர் மட்டும் ஞாயிறு காலைகளில் பழைய பெனியனால் அதையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"கிஷாந்த் வாற ஞாயிறு வாறான்" என்றாள் அருந்ததி. கிஷாந்த் அவளுடைய தம்பி. கொட்டாஞ்சேனையில் பழைய வாகனங்களைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்பவன். "அதுக்கு முதல் சத்தம் நிண்டால் கார் இருக்கட்டும். நிக்காட்டில் அவன் கொண்டு போகட்டும். நானும் எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செய்து பாத்திட்டன்."

அவள் என்ன செய்து பார்த்தாள் என்று சிவபாலன் கேட்கவில்லை. கழற்றிக் குவித்த இரும்புகளுக்கு நடுவே தன் ஸ்டியரிங் கிடப்பது கண்ணுக்குள் வந்து நின்றது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குத் தலையிடி என்று சொல்லிவிட்டுத் தெமட்டகொடைக் கராஜுக்கு ஓடினார்.

ஸாலிஹ் பாஸ் காரின் அடியில் படுத்து, எழும்பி, கையைத் துடைத்தார். "கியருக்குப் புதுப் பல்லு சேர். ஒண்டோட ஒண்டு பழகோணும். எண்ணெயக் கொஞ்சம் தடிப்பா ஊத்திப் பாப்போம்."

ஊற்றினார். இருவருமாகப் பேஸ்லைன் வீதியில் ஐம்பதில் ஓடிப் பார்த்தார்கள். ஒரு முனகல் இல்லை.

"சத்தம் ஈக்கா சேர்?"

"இல்லை!"

"அப்ப ஒரு தேத்தண்ணி குடிங்க. அடியில ஒரு இறுக்கு இறுக்கித் தாரன்."

தேநீர் குடித்த உற்சாகத்தோடு புறப்பட்ட சிவபாலன், பொரளையைத் தாண்டி நாற்பதைத் தொட்டார். நாய்க்குட்டி இப்போது வளர்ந்த நாயாகி ஊளையிட்டது.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குப் பல்வலி. மேல்மாடி றேமண்ட் உதவிக்கு வந்தார். ரயில்வேயில் முப்பது வருடம் சில்லுகளின் சத்தத்தைக் கேட்டே சம்பளம் எடுத்தவர்.

"சீட்டில இருந்து கேட்டாச் சரிவராது. நான் டிக்கிக்குள்ள படுக்கிறன். நீர் ஓட்டும். முடுக்கேக்க சத்தம் கூடுதா, காலை எடுக்கேக்க கூடுதா எண்டு பாப்பம். கியரெண்டால் மாறும். பெயரிங் எண்டால் வளைவில மாறும்."

சிவபாலன் முடுக்கினார், விட்டார், இடப்பக்கம் வெட்டினார், வலப்பக்கம் வெட்டினார். டிக்கியிலிருந்து "ஆ! அதுதான்! ஐயோ! இன்னொருக்கா!" என்று குரல் வந்துகொண்டிருந்தது. மூடாத டிக்கியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே ஆடின.

பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். "மொகத மே?"

இது என்னவென்று சிங்களத்தில் விளக்க சிவபாலன் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, டிக்கியிலிருந்து றேமண்ட் தலையை நீட்டி, "வலப்பக்கப் பெயரிங்!" என்று அறிவித்தார். ஆள் கடத்தல் இல்லை என்று நிரூபிக்க முக்கால் மணித்தியாலம் பிடித்தது. கடைசியில் பொலிஸ்காரரும் ஏறி இருந்து கேட்டுவிட்டு, இடப்பக்கம் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஆகவே புதன்கிழமை இரண்டு பக்கமும் பெயரிங் மாற்றப்பட்டது. அன்று அலுவலகத்துக்கு வயிற்றுக்குத்து. பேஸ்லைன் வீதியில் கார் பூனைபோல ஓடியது. மறுபடி தேத்தண்ணி. மறுபடி ஓர் இறுக்கு. பாமன்கடைச் சந்தியில் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் அம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

சிவபாலன் அப்படியே காரைத் திருப்பினார்.

"சேர், வல்லாஹி எனக்கு வெளங்குதில்ல" என்றார் ஸாலிஹ். அவர் முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது. "என்ட கைல ஓடக்குள்ள சத்தமில்ல. உங்கட கைக்குப் போனா அழுகுது. கார நிப்பாட்டிட்டுப் போங்க. முழுக்கத் தொறந்து, பல்லுக்குச் செவப்பு மை பூசி, எங்க பதியிதெண்டு பாத்து, புதுசாக் கோக்கிறன். சனிக்கிழம வாங்க."

வெள்ளிக்கிழமை பகல் அலுவலகத்துக்கு அருந்ததியின் அழைப்பு வந்தது.

"இஞ்சேருங்கோ, கிஷாந்துக்கு ஞாயிறு யாழ்ப்பாணம் போகவேணுமாம். இண்டைக்கு மூண்டு மணிக்கே வாறானாம்."

"இண்டைக்கோ?"

"லொறியும் கொண்டு வாறானாம்."

சிவபாலன் எந்த நோயையும் சொல்லாமல் எழுந்து ஓடினார். கராஜ் பூட்டியிருந்தது. கார் வாசலில், நான்கு சில்லிலும் நின்றது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட, ஸாலிஹின் மனைவி ஸைனம்பு எட்டிப் பார்த்தார்.

"அவரு ஜும்ஆத் தொழுகைக்குப் போயிட்டாரு சேர். ஓட்டிப் பாத்து நல்லம் எண்டுதான் சென்னாரு. ஆனா வந்துதான் கடைசியா..."

"கார்த் திறப்பைத் தாங்கோ தங்கச்சி! லொறி வருது!"

என்ன லொறி என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு பெரிய மனிதர் கண் கலங்கி நின்றதைப் பார்த்துத் திறப்பைக் கொடுத்துவிட்டார்.

நாற்பது. சிவபாலன் தோளைக் குறுக்கிக்கொண்டார். நாற்பத்தைந்து. ஐம்பது. சத்தமில்லை. பொரளை தாண்டியது. பாமன்கடைச் சந்தியில் யாரும் வழிவிடவில்லை. அதைப்போல ஒரு சந்தோஷத்தை அவர் அண்மையில் அனுபவித்ததில்லை.

வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் லொறி நின்றது. கிஷாந்த் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஏறடா" என்றார் சிவபாலன். "நீரும் ஏறும், அருந்ததி."

மரீன் டிரைவில் கார் வழுக்கிக்கொண்டு போனது. கிஷாந்த் பின்சீட்டில் காதை வைத்துப் படுத்தே பார்த்துவிட்டான்.

"அத்தான், ஒண்டும் கேக்கேல்லையே?" என்றான் ஏமாற்றமாக.

"எனக்குக் கேக்குது" என்றாள் அருந்ததி.

சிவபாலனின் கால் பிரேக்குக்குப் போனது. "என்ன?"

"கடல்." அவள் கண்ணாடியை இறக்கிவிட்டாள். "தம்பி, நீ லொறியைக் கொண்டு போ. இந்தக் கார் கழட்டுறதுக்கில்லை."

சிவபாலன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கைபேசி அடித்தது. ஸாலிஹ் பாஸின் இலக்கம். நன்றி சொல்லும் அவசரத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். பேசியது ஸைனம்பு.

"சேர், அவரு பள்ளியால வந்து எனக்கு ஏசுறாரு. உடனே கார திருப்பிக் கொண்டு வாங்க. ஒரு சாமான் பூட்டல்ல."

"சாமானோ? என்ன சாமான்?"

அருந்ததியின் கை மின்னலாகக் கைபேசியை நோக்கிப் பாய்ந்தது. சிவபாலன் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"கியர் மாத்தின அண்டைக்கு, 'அவருக்குக் காரெண்டா உசிரு, அவருக்குத் தெரியாமக் கட்டி வுடுங்க' எண்டு உங்கட மிஸிஸ் தந்தாங்களே, அந்தச் செம்புத் தாயத்து சேர்! நம்பித் தந்த அமானிதமெண்டு ஒவ்வொரு தரமும் கழட்டி வெச்சி, வேல செஞ்சி, ஓட்டிப் பாத்த பொறகு, முந்தினதவிட இறுக்கமா அந்தச் சுத்துற தண்டோட ஒட்டிக் கட்டித்தானே அனுப்பினவரு!"