பதினோராவது கவர்

சர்ர்ரக்.

இருட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கூடத்திலிருந்து வந்தது அந்தச் சத்தம். கொஞ்சம் நின்றது. மறுபடியும் சர்ர்ரக். எதையோ யாரோ தரையோடு தரையாக வைத்துத் தேய்ப்பது போல.

படுக்கையறையில் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டு மாதக் குழந்தை. அது தூங்கப் போகிற நேரத்தில் அந்த வீட்டில் யாருக்கும் குரல் கிடையாது. மூச்சு விடுவதற்கே அனுமதி வாங்க வேண்டும். அவள் கண்ணாலேயே, போய்ப் பாருங்கள் என்றாள். அவர் கண்ணாலேயே, நானா என்றார். பின்னே குழந்தையா என்று கேட்டது அவளுடைய புருவம்.

வேறு வழியில்லாமல் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பாதி தூரம் வீரமும் கூட வந்தது. மீதி தூரம் குடை மட்டும்தான் வந்தது.

வாசல் கதவுக்கு அடியில் ஒரு பழுப்புக் கவர். பாதி உள்ளே, பாதி வெளியே. கால்மிதியில் முட்டிக்கொண்டு நகர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. வெளியே யாரோ ரகசியமாக, "சார்... சார்..." என்று கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால், ஊழியர் சங்கச் செயலாளர் வாசலில் நாலு காலில் நின்றுகொண்டிருந்தார். 'குழந்தை தூங்குகிறது, மணி அடிக்காதீர்கள்' என்று மனைவி கதவில் ஒட்டியிருந்த தாளுக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

செயலாளர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே, கிசுகிசுப்பான குரலில் எல்லாவற்றையும் சொன்னார். பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது. சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு ஏறும், அதுவும் உடனே. பதிலுக்கு ஓய்வூதியத்தை விட்டுவிட வேண்டும். அதற்கு ஈடாக ஏதோ ஒரு நிதியில் கொஞ்சம் பணம் போடுவார்கள், அது ஏறும். வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு பிரிவும் ஓட்டுப் போட்டுத் தனித்தனியாக முடிவு செய்துகொள்ளலாம். சரிசமமாக வந்தால் பழைய முறையே தொடரும். ஓட்டுச் சீட்டு கவருக்குள்ளே இருக்கிறது. சீட்டில் குறியிட்டு, ஒட்டி, மேலே மனைவியின் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் பெட்டியில் போட வேண்டும்.

"மனைவி கையெழுத்தா? எதுக்கு?"

"நமக்கப்புறம் பாதி பென்ஷன் அவங்களுக்குத்தானே சார் போகும். அவங்ககிட்ட சொல்லியாச்சுன்னு ஒரு அத்தாட்சி. சும்மா சடங்கு மாதிரி." செயலாளர் அவர் தோளில் கை வைத்தார். "நம்ம பிரிவுல பதினோரு ஓட்டு. உங்களையும் சேர்த்தா ஆறு நம்ம பக்கம். பென்ஷனெல்லாம் வயசானவங்க சமாச்சாரம். உங்களைப் பார்த்தா வயசான ஆள் மாதிரியா இருக்கு?"

இல்லை என்றுதான் அவருக்கும் பட்டது.

கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே வந்தார். என்ன சத்தம் என்று கேட்டாள் மனைவி.

"எலி."

"எலியா? சார் சார்னு கூப்பிட்டுச்சே."

அத்தோடு எலி செத்தது. கையெழுத்துச் சமாச்சாரம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வெளியே வந்தது.

நம்முடையவர் ஓய்வூதியப் பிரிவில்தான் கிளார்க். ஆபீஸில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. செத்துப்போன ஊழியர்களின் மனைவிமார் ஆண்டுக்கொருமுறை வந்து வரிசையில் நின்று, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பணிப்பதிவேட்டில் இருக்கிற மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது இவர் வேலை. நிஜமாகவே ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். ஒரு சுழி குறைந்தால் திருப்பி அனுப்புவார். ஒரு கால் நீண்டால் திருப்பி அனுப்புவார். கை நடுங்குகிறது ஐயா என்று சொன்ன ஒரு அம்மாளை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். 'கையெழுத்தில் ஒரு கோடு மாறினாலும் ஏற்பதற்கில்லை' என்று அவரே எழுதிய குறிப்பு, அவர் பெயரோடு, ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்றைக்கு யாரை எதற்காகத் திருப்பி அனுப்பினேன் என்று மனைவியிடம் விவரமாகச் சொல்வார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

அப்படிப்பட்டவருக்கு ஓய்வூதியத்தின் அருமை தெரியாதா என்றால், அங்கேதான் சிக்கல். தினமும் அந்த வரிசையைப் பார்த்துப் பார்த்து அவருக்கு உள்ளூர ஒரு பயம். என்றைக்காவது ஒருநாள் தானும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டியிருக்குமே என்று. ஓய்வூதியமே இல்லையென்றால் வரிசையில் நிற்கிற தொல்லையும் இல்லையே என்று அவர் மூளை ஒரு கணக்குப் போட்டது. அது எங்கேயோ உதைக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

குழந்தையைக் கிடத்திய பிறகு, இருவரும் கூடத்தில் உட்கார்ந்து ரகசியக் குரலில் சண்டை போட்டார்கள். அந்த வீட்டில் எட்டு மாதமாக எல்லாச் சண்டையும் அப்படித்தான். அக்கம்பக்கத்தில் இவர்களைப் பற்றி ஒரே புகழ்ச்சி.

"உங்களுக்கப்புறம் எனக்கு என்ன வரும்?"

"எனக்கப்புறம்னா? நான் எங்க போறேன்?"

"உங்க ஆபீஸுக்கு வர்ற பொம்பளைங்க இருக்காங்களே, அவங்க புருஷனெல்லாம் எங்க போனாங்களோ அங்க."

அவர் நிதியைப் பற்றி எடுத்துச் சொன்னார். அது ஏறும் என்றார்.

"இறங்கினா?"

"இறங்கினா மறுபடி ஏறும்."

"அது ஏறி வர்ற வரைக்கும் நானும் பாப்பாவும் எங்க ஏறி நிக்கறது?"

அதற்குச் செயலாளர் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சம்பளம் ஏறினால் பெரிய வீடு பார்க்கலாம், குழந்தைக்குத் தனி அறை, வாசலில் ஒரு கார் என்று அடுக்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து நின்றாள். "உங்க இஷ்டம்" என்றாள். விளக்கை அணைத்தாள்.

கல்யாணமான மூன்று வருடத்தில் அந்த வார்த்தையை அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார். சோபா வாங்கின அன்று. அந்த சோபா இன்னும் மாடிப்படி வளைவில்தான் இருக்கிறது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. மேல்வீட்டுக்காரர் அதன் மேல் ஏறித்தான் தினமும் வேலைக்குப் போகிறார்.

மறுநாள் முழுவதும் அவர் நிலை பரிதாபம். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பிடிவாதமாக வேண்டும் என்று போட்டிருக்கலாம். வேண்டும் என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டு வேண்டாம் என்று போட்டிருக்கலாம். உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டாள். தன்னுடைய இஷ்டம் என்ன என்று இனி யாரைப் போய்க் கேட்பது? பஸ்ஸில் போகும்போது சம்பளத்தின் பக்கம் இருந்தார். ஆபீஸில் வரிசையைப் பார்த்ததும் ஓய்வூதியத்தின் பக்கம் வந்தார். டீ குடிக்கும்போது செயலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை போட்டார். கை போட்டவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாததால், டீ ஆறுவதற்குள் சம்பள உயர்வுக்குக் குறியிட்டுக் கவரை ஒட்டிவிட்டார்.

மிச்சம் இருந்தது கையெழுத்து. கவரின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது: 'இந்த வாக்கெடுப்பின் முடிவு, என் கணவரின் மறைவுக்குப் பின் எனக்கு வரவேண்டிய தொகையைப் பாதிக்கும் என்று எனக்குச் சொல்லப்பட்டது.' இதைப் படித்தால் அவள் கையெழுத்துப் போடுவாளா? பேனாவைத்தான் உடைப்பாள்.

அதனால் ஒரு திட்டம் போட்டார். வாடகை ஒப்பந்தம், காஸ் இணைப்பு விண்ணப்பம், குழந்தையின் தடுப்பூசிக்கான ஒப்புதல் தாள், இந்த மூன்றையும் சேகரித்தார். நடுவில் கவரைச் செருகினார். வியாழக்கிழமை சாயங்காலம், குழந்தை ஒரு தோளிலும் துவைத்த துணி இன்னொரு தோளிலுமாக அவள் நடமாடுகிற நேரம் பார்த்து, எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார்.

"இதெல்லாம் என்ன?"

"கையெழுத்து வேணும். வீட்டு விஷயம், ஆபீஸ் விஷயம், எல்லாம் கலந்து கிடக்கு."

"படிக்கணுமா?"

"படிக்க ஒண்ணுமில்லை."

அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். கவர் வந்தபோது அவர் அச்செழுத்தின் மேல் உள்ளங்கையை அகலமாக விரித்து வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பருவநிலையைப் பற்றிப் பேசினார். கையைக் கொஞ்சம் நகர்த்துங்க, எழுத இடமில்லை என்றாள். ஒரு விரலை மட்டும் நகர்த்தினார். எழுதி முடித்ததும் சரக்கென்று உருவித் தலைகீழாகக் கவிழ்த்துப் பைக்குள் போட்டார். அன்றைக்கு அவர் சீட்டியடித்தார். அதுவும் ரகசியமாகத்தான்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. பதிவேட்டு அறையில் பிரிவு மொத்தமும் கூடியது. மற்ற பிரிவுகளில் பெட்டியைத் திறந்தார்கள், கவரைக் கிழித்தார்கள், எண்ணினார்கள், பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போனார்கள். இது ஓய்வூதியப் பிரிவு. இங்கே இருப்பவர்களுக்கு ஒரு கையெழுத்தைப் பார்த்தால் ஒப்பிடாமல் கை நிற்காது. ஒப்பிடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் சூப்பரிண்டெண்ட் முதல் கவரை எடுத்ததுமே யாரோ பணிப்பதிவேட்டைத் திறந்து வைத்தார்கள், யாரோ விளக்கைக் கிட்டத்தில் இழுத்தார்கள். பூதக்கண்ணாடியை நீட்டியது யார் என்று கேட்கிறீர்களா? நம்முடையவர்தான். பழக்க தோஷம்.

பத்துக் கவர்கள் சரியாக இருந்தன. பதினோராவது கவரில் சூப்பரிண்டெண்ட் நின்றார். கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனார். எட்டக் கொண்டுபோனார்.

"இது யார் கையெழுத்து சார்?"

"என் மனைவி."

"பதிவேட்டுல இருக்கறது?"

"அதுவும் என் மனைவிதான் சார்."

"உங்களுக்கு மொத்தம் எத்தனை பேர்?"

அவர் குனிந்து பார்த்தார். பதிவேட்டில் இருந்தது, கல்யாணமான புதிதில் அவள் போட்ட கையெழுத்து. ஒரே இழுப்பு, கடைசியில் ஒரு சுழி. கவரில் இருந்தது பள்ளிக்கூடக் கையெழுத்து. நாலு கோட்டு நோட்டில் கான்வென்ட் சிஸ்டர் பக்கத்தில் நின்று எழுதச் சொன்னது போல, உருண்டை உருண்டையாக, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. ஊரில் உள்ள மனைவிமார் கையெழுத்தையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தவர், சொந்த மனைவி கண்ணெதிரே போட்ட கையெழுத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு சின்ன வித்தியாசம்தானே சார் என்று இழுத்தார். சூப்பரிண்டெண்ட் சுவரைக் காட்டினார். சுவரில் இவருடைய குறிப்பு, இவருடைய பெயரோடு.

கவர் திறக்கப்படாமலேயே அவரிடம் திரும்பி வந்தது. மிச்சம் பத்து ஓட்டு, ஐந்துக்கு ஐந்து. பழைய முறையே தொடரும் என்று அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவருக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. அவர் பக்கத்து ஐந்து பேர் அவரைத் துரோகி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதிர்ப்பக்கத்து ஐந்து பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். செயலாளரையும் பகைக்காமல் எங்க வயித்துலயும் அடிக்காமல் எவ்வளவு நாசூக்கா முடிச்சீங்க, உங்க மூளையே மூளை என்றார் ஒருவர். தோற்றோமா ஜெயித்தோமா என்று தெரியாமலேயே அவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபத்தை ஊதி ஊதிப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் அவள் உதட்டில் விரல் வைத்தாள். குழந்தை அப்போதுதான் கண் அசந்திருந்தது. அவ்வளவு பெரிய கோபத்தை ரகசியக் குரலுக்குள் மடித்துத் திணிக்க வேண்டியதாயிற்று.

"ஏம்மா, நீ ஏன் கையெழுத்தை மாத்திப் போட்ட?"

"எதுல?"

"அந்தக் கவர்ல."

"எந்தக் கவர்?"

அவர் வாயைத் திறந்தார். எந்தக் கவர் என்று சொன்னால் எதற்கு ஒளித்தீர்கள் என்று வரும். வாயை மூடினார்.

"ஓ, படிக்க ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே, அதுலயா?" அவள் குழந்தையின் சட்டையை மடித்து வைத்தாள். "எனக்குப் படிச்சிட்டுப் போட்டா ஒரு மாதிரி வரும். படிக்காமப் போட்டா வேற மாதிரி வரும்."

"என் ஓட்டு செல்லாமப் போச்சு தெரியுமா?"

"அடடா. அப்ப என்ன முடிவாச்சு?"

"பழையபடியே பென்ஷன்தான்."

அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். இந்த மூன்று நாளாக அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று அவர் யோசித்திருக்கலாம். யோசித்திருந்தால் அடுத்த கேள்விக்குத் தயாராக இருந்திருப்பார்.

"நீங்க எதுக்குப் போட்டிருந்தீங்க?"

சம்பளத்துக்கு என்றால் இந்த ஜென்மத்தில் மன்னிப்புக் கிடையாது. அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பென்ஷனுக்குத்தான். உன்னையும் குழந்தையையும் நட்டாத்துல விடறவனா நான்?"

"அப்படியா?" அவள் முகம் மலர்ந்தது. "அப்ப நல்லதாப் போச்சே. எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சிட்டிருக்கீங்க?"

எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. மூஞ்சியை மாற்றி வைத்துப் பார்த்தார். சரியாக உட்காரவில்லை.

"செல்லாத கவரைப் பிரிக்காம ஆள்கிட்டயே திருப்பிக் குடுத்துடுவாங்கன்னு சொல்லுவீங்களே," என்றபடி அவள் கிட்டே வந்தாள். அவள் பார்வை அவருடைய சட்டைப் பையில் நின்றது. "இதுவா? குடுங்க. நீங்க எங்களுக்காகப் போட்ட ஓட்டு. ஆசையா ஒரு தடவை பார்த்துக்கறேன்."

கை நீண்டது. அவர் பின்னால் ஓரடி வைத்தார். இன்னும் ஓரடி. முகம் கழுவிட்டு வந்து தர்றேன் என்றார். குளியலறைக்குள் பாய்ந்தார். தாழ்ப்பாள் துருப்பிடித்து முரண்டு பிடித்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினார், மூச்சைப் பிடித்துத் தள்ளினார், கடைசியில் ஒருவழியாகத் தாழ் விழுந்தது.

கதவுக்கு வெளியே, குழந்தைக்கும் கேட்காத குரலில் அவள் சொன்னாள்:

"மெல்லக் கிழிங்க. பாப்பா தூங்கறா."