போயாவுக்கு லீவு எடுத்த சேர்வர்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். நானாவோட சேர்வர் லீவு நாள்ல தானா அணையணும்.

நானான்னா முஸ்லிம் அண்ணன்மார கூப்பிடுற வார்த்தை, இவரு நுவரெலியா மார்க்கெட்ல மரக்கறி மொத்தக் கடை வச்சிருக்கவரு. சுத்தியிருக்க ஹோட்டலுக்கெல்லாம் சலாது எல, முட்டைக்கோவா, கரட் அவரு கடைல இருந்துதான் போகும். முந்தி ஃபோன்ல ஓடர் எடுத்துக்கிட்டு நிம்மதியா இருந்தாரு. நான்தான் போயி, "நானா, உலகம் எங்கயோ போயிருச்சு"ன்னு சொல்லி, ஓடர் எடுக்க ஒரு வெப்சைட் செஞ்சு, அத கிளவுட்ல ஒரு சேர்வர்ல ஏத்தி விட்டேன்.

கிளவுட் சேர்வர்னா பெரிசா ஒண்ணுமில்ல, வாடகைக் கம்ப்யூட்டர். ஓடுற நேரத்துக்கெல்லாம் வாடகை. லீவு நாள்ல யாரு மரக்கறி வாங்கப் போறா, அது ஏன் சும்மா ஓடணும்னு என் மூளை யோசிச்சுச்சு. பக்கத்து வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துலயே பொறந்து வளந்த மூளை இது!

இதுக்குன்னே ஓப்பன் சோர்ஸ்ல ஒரு டூல் இருக்கு. "இது இப்படித்தான் இருக்கணும்"னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சாப் போதும். யாராச்சும் கைய வச்சு மாத்தினாலும், அது வந்து பாத்து, எழுதினபடி ஆக்கிட்டுப் போயிரும். எங்க தோட்டத்துல வேலைய மேற்பாக்குற கண்டாக்கையா கூட பெரிய மழைன்னா ஒதுங்குவாரு. இது ஒதுங்காது.

நானும் எழுதினேன். அரசாங்க லீவுன்னா சேர்வர் அணைஞ்சிருக்கணும், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பாத்துக்க! அதோட மரியாதை தெரிஞ்ச புள்ளையா, அந்த நேரம் வெப்சைட்டுக்கு வர்றவங்களுக்கு ஒரு அறிவிப்பும் வச்சேன். "இன்று விடுமுறை. கடை மூடப்பட்டுள்ளது."

நானாகிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கல. கம்ப்யூட்டர்ல சர்ட்டிஃபிகேட் வாங்குன ஆளு, மரக்கறிக் கடைக்காரர்கிட்ட போயி கேப்பேனா!

அதுக்குப் பதிலா ஃபேஸ்புக்குல ஒரு போஸ்ட் போட்டேன். "மனிதத் தலையீடு இல்லாத நிர்வாகம்"னு தலைப்பு வேற. கொழும்பு சிநேகிதங்க எல்லாம் கை தட்டினாங்க. அதுல ஒருத்தன்கூட வாழ்க்கைல ஒரு கோவா வித்திருக்க மாட்டான்.

போயா வந்துச்சு, பௌர்ணமிக்கு நாடு பூரா விடுற அரசாங்க லீவு. வெள்ளிக்கிழமை போயா, அதோட ஒட்டி சனி, ஞாயிறு. டூல் இருக்க லெப்டொப்ப வீட்ல ஓட விட்டுட்டு, "அம்மா, அத மட்டும் தொட்டுராதீங்க"ன்னு சொல்லிட்டு, ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கலாம்னு நுவரெலியா பஸ்ஸுல ஏறினேன்.

பஸ் நகரவே இல்ல. ரோடு பூரா லீவுக்கு குளிர் பாக்கக் கெளம்பின கொழும்பு வேனும் காரும்!

"இந்தச் சனத்துக்கு வேற எடமே இல்லையாக்கா? இம்புட்டு பேரும் அங்க போயி என்னத்த திங்கப் போறாங்க?"ன்னு பக்கத்து சீட்டு அக்காகிட்ட நக்கலா கேட்டேன்.

அந்தக் கேள்விய அப்பவே நான் என்கிட்ட கேட்டிருக்கணும்.

டவுன்ல எறங்குறப்ப நானா கோல் எடுத்தாரு.

"தங்கச்சி, காலைல இருந்து ஒரு ஓடரும் வருதில்ல. என்னண்டு கொஞ்சம் பாருங்களே."

"லீவு நாள்ல எப்படி நானா ஓடர் வரும்?"



"தங்கச்சி, லீவு நாள்லதான் ஓடர் வரும்."

அந்தக் குளிர்ல எனக்கு வேர்த்துச்சு. ஸ்வெட்டர் ஆசை அதோட போச்சு.

கடைக்கு ஓடினேன். சலாது கூடை கூடையா அடுக்கியிருக்கு. லொறி தயாரா நிக்குது. பகல் சாப்பாட்டுக்கு முன்னுக்கு ஹோட்டலுக்குப் போகலேன்னா சலாதும் வாடிரும், ஹோட்டல்காரங்களும் எதிர்க் கடைக்குப் போயிருவாங்க. இந்த மாதிரி நாள நம்பித்தான் நானாவோட வியாபாரமே.

"ஒரு நிமிஷம் நானா"ன்னு ஃபோன்லயே சேர்வர ஓன் பண்ணினேன். டிங்குன்னு மொத ஓடர் வந்துச்சு!

"மாஷா அல்லாஹ்!"ன்னு நானா எனக்கு பிளேன்டீ சொன்னாரு.

டீய குடிச்சு முடிக்கல. சேர்வர் படுத்துருச்சு. நானா ஸ்கிரீன்ல இருந்த அறிவிப்ப ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாரு.

"கடை மூடியீக்கா? அப்ப நான் எங்க குந்திக்கிட்டு ஈக்கன்?"

மறுபடி ஓன் பண்ணினேன். மறுபடி படுத்துச்சு. ஒரு ஹோட்டல் செஃப்போட ஓடர் பாதில அறுந்துருச்சு. கரட் பதிவாயிருக்கு, சலாது பதிவாகல. மனுஷன் ஃபோன்ல சிங்களத்துல ஏசுறது மார்க்கெட்டுக்கே கேட்டுச்சு. நானா "சமாவென்ன மஹத்தயா, சமாவென்ன"ன்னு மன்னிப்புக் கேட்டுக்கிட்டே என்னைய மொறைச்சாரு.

"யாரு இத அணைக்கிற?"

"டூல் நானா."

"அந்த டூல வச்சது யாரு?"

நான் கரட்ட பாத்தேன்.

"எங்க ஈக்கி அது?"

"எங்க வீட்டு லெப்டொப்ல."

"இங்கிருந்து நிப்பாட்டேலாதா?"

"ஏலாது நானா. அதுக்கு வேண்டிய பாஸ்வேர்டும் அதே லெப்டொப்லதான் இருக்கு."

நானா வாய்விட்டு ஏசியிருந்தாக் கூட பரவால்ல, அழுகின தக்காளிய பாக்குற மாதிரி என்னைய பாத்தாரு.

அம்மாவுக்கு கோல் எடுத்தேன்.

"அம்மா, அந்த லெப்டொப்ப மூடுங்க."

"நீதான தொடக்கூடாதுன்ன?"

"இப்பத் தொடலாம்!"

மூடினாங்க. ஒண்ணும் ஆகல. மூடினாலும் தூங்காம வேலை செய்யிற மாதிரி வச்சவ நான்தான். வயர புடுங்கச் சொன்னேன். புடுங்கினாங்க. புது பேட்டரி, சாயந்தரம் வரைக்கும் தாங்கும். சரி, ஆஃப் பண்ற பட்டன அமுக்கச் சொன்னேன்.

"பட்டன்ல எல்லாம் நான் கைய வைக்க மாட்டேன். பொறவு அம்மாதான் ஒடைச்சாங்கம்ப."

ரவுட்டர் வயர புடுங்கச் சொன்னேன். அதுவும் சாகல. கரண்ட் போனாலும் இன்டர்நெட் போகக்கூடாதுன்னு அதுக்குத் தனியா ஒரு பேட்டரி வாங்கி மாட்டியிருந்தேன். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்! சாகவே சாகாத ஒண்ண செஞ்சு வச்சிட்டு, அத எப்படிக் கொல்றதுன்னு மார்க்கெட்ல நின்னு முழிக்கிறேன்.

அப்பத்தான் பொறி தட்டுச்சு. எங்க லயத்து வரிசை வீட்ல சிக்னல் இருக்கது ஜன்னலோரத்துல மட்டுந்தான். அதுக்குத்தான் ரவுட்டரே அங்க குந்தியிருக்கு. அடுப்படில ஒரு கோடுகூட வராது.

"அம்மா! அந்த வெள்ளப் பெட்டிய பேட்டரியோட தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போங்க!"

"அடுப்புல போடவா?"

"ஐயோ, போடாதீங்க! சும்மா வைங்க!"

"போட்டா என்ன?"ன்னாங்க. நியாயமான கேள்விதான்.

சேர்வர ஓன் பண்ணிட்டு, நானும் நானாவும் லொறி டிரைவரும் ஃபோன சுத்தி மூச்சுவிடாம நின்னோம். பத்து நிமிஷம் போச்சு. அணையல! டிங், டிங்குன்னு ஓடர் கொட்டுச்சு. ஆளுக்கொரு கூடையா தூக்கிப் போட்டோம். லொறி கெளம்பிருச்சு.

அம்மாவே கோல் எடுத்தாங்க.

"ஏம்புள்ள, ஃபேஸ்புக்குல மனுசங்களே வேணாம்னு எழுதியிருந்தியாமே. இது பக்கத்துல நான் எவ்வளவு நேரம் காவல் இருக்கணும்?"

எல்லா ஹோட்டலும் கெடைக்கல. அறிவிப்ப நம்பி ரெண்டு பேரு எதிர்க் கடைல வாங்கிட்டாங்க. அதுல ஒருத்தரு நானாவோட பழைய வாடிக்கை. அத நெனைச்சா இப்பவும் எனக்கு வெக்கமா இருக்கு.

"நானா, மன்னிச்சிருங்க. வீட்டுக்குப் போனதும் அந்த லீவு வரிய அழிச்சிர்றேன். ஆனா ஓடரெல்லாம் பழையபடி வரணும்னா நான் என்ன செய்யணும்?"

நானா கட்டாத லீக்ஸ ஒரு கை அள்ளி, "லீவு நாள்ல இங்க வந்து நில்லுங்க தங்கச்சி"ன்னு என் கைல குடுத்தாரு.

இப்ப ஒவ்வொரு போயாவுக்கும் சேர்வர் தானா ஓடுது, நான் கடைல லீக்ஸ் கட்டுறேன்.