அருள்பிரகாசம் வண்டியடி புகுந்த படலம்

வாழி, கிழக்கே கடலும் மேற்கே கழியும் காவல் நிற்க, நடுவில் வெயிலையே வேலைக்கு வைத்து வெண்மணி விளைவிக்கும் மரக்காணத்து உப்பள மேஸ்திரியே! உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் டிகிரி மீட்டர் தன் கழுத்தை நீருக்கு மேல் நீட்டிக் கணக்குச் சொல்லுமுன்பே, உப்பு இறங்கும் பதத்தை ஒரு துளி தொட்டு நக்கிச் சொல்லிவிடும் தவறாத நாவுடையோனே! மக்கள் நால்வரைப் பெற்றோனே, பைக் ஒன்றே உற்றோனே, சகாயசெல்வியின் சொல்லுக்கு மறுசொல் கல்லாதோனே, அருள்பிரகாசமே! நீ வண்டி கொண்ட வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம். எங்களுக்கு மூச்சும் கேட்போருக்குப் பொறுமையும் உண்டாகுக.

போரென்றால் காரணம் வேண்டுமல்லவா? ஞாயிறுதோறும் அந்தக் குடும்பம் பூசைக்கு இரண்டு நடையாகப் போகும். முதல் நடையில் சகாயசெல்வியும் மூன்று வயது இரட்டையர் சாலமனும் சந்தியாவும். இரண்டாம் நடையில் ஒன்பது வயது ஜெனிஷாவும் ஆறு வயது ஜெரால்டும். போன தவக்காலத்தில், முதல் நடையில் தன்னை ஏற்றவில்லை என்ற ஆத்திரத்தில் ஜெரால்டு அப்பாவின் பைக்கைத் துரத்திக்கொண்டு ஈசிஆர் ரோட்டின் நடுவே ஓடினான். உப்பு லாரி ஒன்று பிரேக் அடித்து அலறி நின்றது. பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் பம்பருக்கும் அவன் சட்டைக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது என்பதைத் திரும்பிப் பார்த்த தகப்பனின் கண்கள் கண்டன. அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை.

அன்றே சகாயசெல்வி அடுப்படியில் நின்று, கையிலிருந்த கரண்டியைச் செங்கோலென உயர்த்தி அறிவித்தாள்: "இனிமே ரெண்டு நடையே கெடையாது. போனா ஆறு பேரும் ஒண்ணா போறோம். இல்லன்னா ஒருத்தரும் போவல." அறிவித்ததோடு நில்லாமல் இரண்டு வளையலையும் கழற்றி வைத்தாள். அதோடு அவர் சேமிப்பையும் சேர்த்தால், பழைய வண்டி ஒன்றை வாங்கலாம்.

புறப்பட்டார் அருள்பிரகாசம்! வழிகாட்டியாக வந்தவன் வானூர் புரோக்கர் தேசப்பன், இல்லாத குணத்தையும் வண்டிக்கு ஏற்றிச் சொல்லும் இன்சொல்லாளன். முதற்களம் கோட்டக்குப்பம். துபாயில் இருக்கும் ஒருவரின் சிவப்புக் கார், துணி போர்த்திய பட்டத்து யானையாக நின்றிருந்தது. வண்ணத்தைப் பாராமல், கதவைத் தொடாமல், பாட்டுப் பெட்டி உண்டா என்று கேளாமல், கோணிப்பையை விரித்து மல்லாந்து வண்டியின் அடியில் புகுந்தார் நம் வீரர். நகத்தால் சுரண்டினார். நக்கினார். வெளியே வந்து தீர்ப்புரைத்தார்: "கடக்காத்து தின்ன வண்டி. நாலு மழ பாத்திருக்குது. வேணாம்."

அவர் அஞ்சியதில் நியாயம் இல்லாமலில்லை. உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதைப் பம்பு செட்டிலும் மண்வெட்டியிலும் இருபது வருடமாகப் பார்ப்பவர் அவர். பிள்ளைகளின் காலுக்குக் கீழே இருக்கப்போகும் தகரம் அப்படி உதிரக் கூடாது. ஆகவே பதினொரு வண்டிகளின் அடியில் புகுந்தார், பதினொன்றையும் நாக்கால் வீழ்த்தினார். புகழ் பரவியது. இடையஞ்சாவடியில் ஒருவர், மேஸ்திரி வருகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு தட்டு நிறையக் காராசேவு கொடுத்து அவர் நாக்கைக் கெடுக்கப் பார்த்தார். நம் வீரர் உபசாரத்தை மறுக்காமல் முழுத் தட்டையும் முடித்தார். பிறகு செம்பு நீரில் மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டுக் கீழே போனார். அந்த வண்டியும் தேறவில்லை.

"நீங்க வண்டி வாங்க வந்தீங்களா, ருசி பாக்க வந்தீங்களா?" என்று தேசப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

பன்னிரண்டாவது வண்டி வானூரில் இருந்தது. பூ வியாபாரி நடராசனின் வேன். பின்பக்கக் கண்ணாடியெங்கும் கறுப்புக் காகிதம் ஒட்டி, முத்தை மறைக்கும் சிப்பியாக மூடிக் கிடந்தது. அருள்பிரகாசம் அடியில் புகுந்தார். ஒரு நாழிகை ஆயிற்று. சட்டத்தைச் சுவைத்தார், குழாயைச் சுவைத்தார், தரைத் தகட்டில் வரிசையாக இருந்த பன்னிரண்டு ஓட்டைகளின் விளிம்பையும் ஒன்றுவிடாமல் சுவைத்தார். கடல் எங்கும் இல்லை! வெறும் செம்மண், வெறும் கிரீஸ்! கண்ணில் நீர் ததும்ப எழுந்து, முன்சீட்டில் ஏறி, பின்னால் திரும்பியும் பாராமல் தெருவை ஒருமுறை சுற்றிவந்து, கடமைக்கு ஒரு கேள்வி கேட்டார்: "ஆறு பேரு உக்காரலாமா?"

"பத்துப் பேருகூட உக்காரலாங்க. அவ்ளோ எடம் இருக்குது" என்றான் தேசப்பன். அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

முன்பணம் கைமாறியது. சனிக்கிழமை வண்டியெடுக்கும் நாள். அருள்பிரகாசம் பைக்கில் முன்னே செல்ல, சகாயசெல்வி, கண்ணாடியில் மாட்ட ஒரு செபமாலையும் நான்கு பிள்ளைகளுமாக இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள். மீதிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தாயிற்று. சாவியும் கைக்கு வந்தது. கணவர் அவளிடம் வண்டியின் அடிவயிற்றுப் பெருமையை விரித்துரைத்துக்கொண்டிருக்க, அவள் பின்கதவை இழுத்துத் திறந்தாள்.

உள்ளே சீட் இல்லை. ஒன்றுகூட இல்லை. காய்ந்த சாமந்தி இதழ்களும் ஒரு சணல் உருண்டையும் மட்டும் கிடந்தன.

அண்டம் ஒரு கணம் அசையாது நின்றது. பிறகு சகாயசெல்வி கேட்டாள்: "புள்ளைங்கள எங்க உக்கார வெக்கிறது? உங்க நாக்கு மேலயா?"

பதினொரு வண்டிகளை வீழ்த்திய அந்த நா, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு ஓட்டைகள்! சீட்டை முடுக்கும் ஓட்டைகள்! அத்தனையையும் நக்கிப் பார்த்தவர், அவை எதற்காக இருக்கின்றன என்று ஒரு கணமும் யோசிக்கவில்லையே! வளையல் இல்லாத மனைவியின் கையைப் பார்க்க முடியாமல் அவர் தரையைப் பார்த்தார்.

"சீட்டப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே" என்றார் நடராசன். பூக்கூடை வைக்க இடம் வேண்டுமென்று என்றைக்கோ கழற்றிவிட்டாராம். இரண்டு சீட்டும் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு எதிரே, பூப்போட்ட விரிப்பு போர்த்தி சோபாவாக வீற்றிருந்தன. "அது வூட்டுக்கு ஆயிடுச்சுங்க. வேணும்னா தனியா வெல பேசலாம்."

பேச அங்கே ஆளில்லை. சகாயசெல்வி நால்வகைப் படையோடு கூடத்துக்குள் புகுந்துவிட்டாள். முன் சீட்டில் அவளும் இரட்டையரும், பின் சீட்டில் ஜெனிஷாவும் ஜெரால்டும் அமர, முற்றுகை தொடங்கியது. "வண்டிய வித்தீங்கல்ல? இது வண்டியோடதுதான? நாங்க எங்க சீட்டுல உக்காந்திருக்கோம். நீங்க உங்க வேலயப் பாருங்க." நடராசன் நியாயம் பேசினார், கும்பிட்டார், டிவியை அணைத்தார். படை அசையவில்லை. ஜெரால்டு மட்டும் டிவியைத் திரும்பப் போடச் சொன்னான். அரைமணி கடந்தது. அப்போது சந்தியா எழுந்து நின்று, கூடம் முழுதும் கேட்கத் தெளிவாக அறிவித்தாள்: "சாலமனுக்கு ஒண்ணுக்கு வருது."

நடராசன் தன் பூப்போட்ட விரிப்பைப் பார்த்தார். சாலமனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அவகாசம் ஏதும் தென்படவில்லை.

"தூக்கினு போங்கம்மா! ரெண்டையும் தூக்கினு போங்க!"

அதன்பின் நம் வீரருக்கு வேலை வந்தது. போல்ட்டும் ஸ்பேனரும் கேட்டு வாங்கி, மறுபடியும் கோணிப்பை விரித்து அடியில் புகுந்தார். எந்த ஓட்டை எங்கே, எது கோணல், எது இறுக்கம் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது அவருக்கு. தேசப்பன் மேலிருந்து சீட்டைப் பிடிக்க, அவர் கீழிருந்து முடுக்கினார். ஒவ்வொன்றையும் முடுக்கியபின் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். சகாயசெல்வி முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

ஆகா, பார்மின்! முதல் நடை, இரண்டாம் நடை என்னும் பிரிவினை ஒழிந்து, ஆறு உயிரும் ஒரே கூரையின் கீழ் கூடி, செபமாலை ஊசலாட, சாமந்தி வாசம் கமழ, கிழக்கு நோக்கிப் பாய்ந்தது அந்த வெற்றித்தேர்! ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னே அமர்ந்த ஜெரால்டு வழிநெடுக அப்பாவின் முதுகில் உதைத்துக்கொண்டே வந்தான். சகாயசெல்வி அதட்டத் திரும்பியபோது "வுடு, உதைக்கட்டும்" என்றார் அருள்பிரகாசம், ஏனென்றால் பிள்ளை ரோட்டில் இல்லை, தன் முதுகுக்குப் பின்னேதான் இருக்கிறான் என்பதற்கு அவருக்கு அந்த உதையைவிட வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு உதைக்கும் அந்த மாவீரரின் நெஞ்சு விம்மி விம்மித் தணிந்தது!

பைக் வானூரிலேயே நின்றுவிட்டதால், மறுநாள் சாயங்காலம் பஸ் பிடித்துப் போய் எடுத்துவந்தார்.